உள்பக்கம்

கத்திரி வெயிலில் களிமண்ணுக்கும் வியர்க்கும்.
பெட்டிக்குப் பன்னிரண்டு நிறம், எண்பத்தைந்து ரூபாய்,
மூடியில் சிரிக்கும் ஒட்டகச்சிவிங்கி.
கீழே மருந்துக்கடை பக்ருதீன் பாயின் பிரிட்ஜில்
இன்சுலினுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம்.
'இதை யாருக்கு ஊசி போடுவீங்க, டாக்டரம்மா?'
நான் டாக்டர் இல்லை, பாய்.
பல முறை சொல்லியாயிற்று.

சிம்மக்கல்லில் மாடி அறை.
கோரைப்பாய், முழங்கால் உயர மேசை,
ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க
ஆரப்பாளையம் ஆரப்பாளையம் என்று கூவும் நடத்துநர்கள்.

சோனைமுத்து, வயது எட்டு, வில்லாபுரம்.
பங்குனியில் பள்ளிக்கூடம் அனுப்பிய தாளில்
'பேசுவதில்லை' என்று ஒரு வரி,
அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு,
ஏதோ திருடிவிட்டவனைப் போல.

முதல் வாரம் அவன் மண்ணைத் தொடவில்லை.
அடுத்த வாரம் பன்னிரண்டு நிறத்தையும்
ஒன்றாய்ப் போட்டுப் பிசைந்தான்.
பிசையப் பிசைய, கடைசியில்
பாலத்துக்குக் கீழே தேங்கிய வைகையின் நிறம்.
எனக்குள் எண்பத்தைந்து ரூபாய்
ஒருமுறை புரண்டு படுத்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிறகு உருண்டைகள். நாற்பது, ஐம்பது.
மாத்திரையா? கல்லா? கண்ணா?
குறிப்பேட்டில் கேள்விக்குறிகளை வரிசையாக நட்டேன்.
அவன் ஒவ்வோர் உருண்டையையும்
கட்டைவிரலால் அமுக்கித் தட்டையாக்கினான்,
என் யூகங்களையும் சேர்த்து.

வெளியே பெஞ்சில் அவன் அம்மா பாண்டீஸ்வரி.
கீழமாசி வீதிப் பாத்திரக்கடையில்
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவள்.
முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருப்பாள்.
உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்காருங்களேன் என்றால்
'குளுருதுங்க' என்பாள்.
நாற்பத்தோரு டிகிரி.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
நானும் எழுதவில்லை.

ஐந்தாம் வாரம்
சுண்டுவிரல் பருமனில் நீளமாக ஒன்று உருட்டினான்.
ஒரு நுனியை மடக்கினான்.
பாம்பு, என்று குதித்தது என் படிப்பு.
பாம்பென்றால் ஓர் அத்தியாயமே உண்டு.

அவன் எழுந்துபோய்
கதவைச் சாத்தினான்.
தன் நெஞ்சு உயரத்தில்
கதவில் ஒரு வளையம், நிலையில் ஒரு வளையம்
ஒட்டி, அழுத்தி,
மண்கம்பியை இரண்டுக்குள்ளும் செலுத்தினான்.
இழுத்துப் பார்த்தான்.
மறுபடி தள்ளினான்.
'டக்' என்றான், வாயால்.
நான் கேட்ட அவனது முதல் சொல்.

தாழ்ப்பாளா, என்றேன் வாய் தவறி.

திரும்பாமலே சொன்னான்:
'உள்ளாற போடுறது.
எங்க வீட்ல வெளியதான் இருக்கு.'

ஆரப்பாளையம் ஆரப்பாளையம்
ஒரு பஸ் நிறைந்து கிளம்பிப் போகும் வரை
அவன் வளையத்தை அழுத்திக்கொண்டே நின்றான்.
அப்புறம்,
'அம்மாவுக்கு.'

நேரம் முடிந்ததென்று பாண்டீஸ்வரி கதவைத் தட்டினாள்.
நான் எழவில்லை.
அவன்தான் தாழை இழுத்து
அவளை உள்ளே விட்டு
மறுபடி போட்டான். டக்.
அவள் கதவைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
சூட்டில் ஏற்கெனவே நடுவில் தொய்ந்திருந்தது கம்பி;
எறும்பைக்கூடத் தடுக்காது.
அதற்கு இந்தப் பக்கம் மூன்று பேர்
பாயில் உட்கார்ந்திருந்தோம்.
அவள் முந்தானையைத் தளர்த்தினாள்.
ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாள்.

நான் குறிப்பேட்டை மூடிவிட்டுப்
போனை எடுத்தேன்.

அன்று ராத்திரி அவர்கள் வில்லாபுரம் போகவில்லை.
எங்கே போனார்கள் என்பது
இந்தக் கவிதைக்குத் தெரியக் கூடாது.

கடையடைக்கும் நேரத்தில்
பிரிட்ஜைத் திறந்து பிடித்தபடி பாய் கேட்டார்:
'மண்ணு எங்க, டாக்டரம்மா?'

கதவுல இருக்கு, பாய், என்றேன்.
நான் டாக்டர் இல்லை என்பது
படியிறங்கிப் பஸ் ஏறிய பிறகுதான்
ஞாபகம் வந்தது.